வெள்ளைத் தூள்

இலங்கை மலையகத்தில், லிந்துலை ஊருக்குக் கீழே, ஓடைக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்ததுமே கொசு மொய்க்கிறது. பக்கத்தில் மீன் பிடிக்கும் தோட்டத் தொழிலாளி மாடசாமி, டப்பாவிலிருந்து வெள்ளைத் தூளை அள்ளிக் கழுத்திலும் கையிலும் பூசிக்கொள்கிறார்.

“தேயிலைக்கு அடிக்கிற மருந்துங்க. பூச்சி கிட்டவே வராது. நீங்களும் பூசிக்கங்க.”

முழங்கை வரை பூசிக்கொள்கிறேன். உண்மைதான், ஒரு கொசுவும் இல்லை. மிச்சத் தூளோடு டப்பாவை அவர் ஓடைத் தண்ணீரில் அலசுகிறார்.

அரை மணி நேரம் போகிறது. தூண்டிலைத் தொடாத மீன்கள் ஒவ்வொன்றாக வயிறு மேலே தெரிய மிதந்து வருகின்றன.

“அட, தூண்டிலே வேணாம் போலருக்கே!” என்று சிரித்தபடி அள்ளுகிறார்.

தூண்டிலைப் போட்டுவிட்டு எழுகிறேன். கீழே, இதே தண்ணீர் விழும் பீலிக் குழாயடியில், தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் குடம் நிரப்புகிறார்கள். தூளில் வெளுத்த கைகளை ஆட்டிக் கத்துகிறேன். தண்ணீர் இரைச்சலில் கேட்காமல், அவர்களும் சிரித்துக்கொண்டே கை ஆட்டுகிறார்கள்.