நட்சத்திர மீனுக்கு உப்பு

மலையக மக்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல். இன்று காலை கடல் நம் நோர்வூட்டுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் வகுப்பறை மேசையில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள்.

கொண்டுவந்த திருகோணமலை மிஸ், "நட்சத்திர மீன் கையில ஏறினா ஆட்டக் கூடாது. இழுத்தா அதின்ட கால் அறுந்திடும்" என்றார்.

"ரத்தம் குடிக்கிற அட்டைக்கே பயப்படாத ஆளு மிஸ் நானு" என்று முதல் ஆளாகக் கையை விட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி தேயிலைமேல் அலையலையாய் நகர்ந்தது. வகுப்பறையே கடலடியில் மிதப்பதுபோல் இருந்தது. உள்ளங்கையில் நூறு குட்டிக் கால்கள் மெல்ல நடந்தன.

பிறகு இறுக்கிப் பிடித்தன.

"டேய் ரமேசு, உப்பு கொண்டாடா!" என்று கத்திவிட்டேன். அட்டை காலில் ஏறினால், அது கழன்று விழ நாங்கள் உப்புத்தானே வைப்போம்?

"அது இருக்கிறதே உப்புத் தண்ணியிலதான், தம்பி" என்றார் மிஸ்.

ஆனாலும் அது தானாக இறங்கும்வரை நான் கையை அசைக்கவில்லை. அதன் ஒரு காலும் அறுந்துபோகவில்லை. வகுப்பே கைதட்டியது.

உண்மையைச் சொன்னால், பயத்தில் கை அசையவே மறுத்துவிட்டது.

அட்டைக்கு உப்பு வைத்தவர்கள் மட்டும் சிரிக்கலாம்.