சாலைச் சித்திரக் கூடத்தில் மாலை போடாத படம்

திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்கள் பத்மநாப சுவாமியைச் சேவிக்கப் போவார்கள், இல்லாவிட்டால் கோர்ட்டு வழக்குக்குப் போவார்கள். நான் போனது சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு மாடியில் இருக்கும் சித்திரக் கூடத்துக்கு. படம் பார்க்கும் பைத்தியமெல்லாம் எனக்குக் கிடையாது. ரங்கூனில் மரக்கிடங்கு ஆபீசில் என்னோடு வேலை பார்த்த அந்தத் தெருக்காரன் தாணு, ஜப்பான்காரன் குண்டு விழுந்தபின் காட்டு வழியாக என்னோடு இந்தியாவுக்கு நடந்து வரும்போது காலராவில் செத்துப்போனான். ஊர் வந்து சேர்ந்ததும் அவன் அப்பாவுக்கு எழுதிவிட்டேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "கடுதாசி ஆரும் எழுதலாம். கண்ணால கண்டவன் நேரே வந்து சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டாளாம். என்னைப் பிடித்த மலேரியா லேசில் விடவில்லை. இந்த மாசி மாதம்தான் காலில் பலம் வந்தது, கிளம்பினேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று வழி விவரத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ஐம்பது மைல், பஸ் சார்ஜ் ஒன்றே கால் ரூபாய். காலை ஆறரைக்குப் புறப்படும் என்பார்கள், ஏழேகாலுக்குப் புறப்படும். இப்போது பெட்ரோல் ஏது? பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில்தான் வண்டி ஓடுகிறது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பின் சீட்டில் உட்காராதீர்கள். பணகுடி தாண்டி ஒரு மேட்டில் பஸ் மூச்சை விட்டுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். "ஏம்பா, டிக்கெட் வாங்கினது உக்காந்து போகவா, தள்ளிட்டுப் போகவா?" என்று டிரைவரிடம் எரிந்து விழுந்தேன். "யுத்தம் முடியட்டும் அண்ணாச்சி, பெட்ரோல் ஊத்தி உங்கள ராஜா கணக்கா கொண்டு போறேன்" என்றான். கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் இறக்கிச் சோதனை போடுகிறார்கள். திருவிதாங்கூருக்குள் அரிசி கடத்துகிறவர்கள் அதிகமாம். மூட்டையில் ஒரு படி அரிசி இருந்தாலும் போச்சு. என் பையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு ஒரு சிப்பாய், "எங்கோட்டா? எந்தினா போறது?" என்று அதட்டினான். "ஒரு துஷ்டி சொல்லப் போறேன் ஐயா" என்றேன். சாவுச் செய்தி என்றதும் அவன் முகம் மாறிவிட்டது. கொட்டிய துணிகளை அவனே மடித்து உள்ளே வைத்துக் கொடுத்தான்.

நாகர்கோவிலில் பிரிட்டிஷ் பணத்தைத் திருவிதாங்கூர்ச் சக்கரமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அவசரமாகப் போகிறவனைக் கண்டால் அரைச் சக்கரத்தை அமுக்கிவிடுவார்கள், கேட்டு வாங்க வேண்டும். அங்கிருந்து திருவனந்தபுரம் நாற்பத்திரண்டு மைல். ஒன்றரை மணி சர்க்கார் பஸ்ஸில் ஏறினேன். தக்கலை, குழித்துறை, நெய்யாற்றங்கரை என்று வழி நெடுகத் தென்னையும் குளமுமாக இருக்கிறது. தாணு எனக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாக்கிய பாதை. ஜன்னல் வழியே அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது.

"கரமன! கரமன!" என்று கண்டக்டர் கூவியபோது முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கடைசி நாளில் பேதியும் கண் சொருகலுமாகக் கிடந்த தாணு, "சாலைக்கு இன்னும் எவ்வளவு தூரம்லே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "கரமனைப் பாலம் வந்தாச்சு, இந்தா இறங்கிரலாம்" என்று சொன்னேன். அன்றைக்குக் கரமனையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இப்போது நான் மட்டும் அந்தப் பாலத்தைத் தாண்டுகிறேன். பக்கத்தில் இருந்தவர், "எந்தா, சுகமில்லியா?" என்று கேட்டுத் தோளைத் தொட்டார்.

சாலையில் தாணுவின் அப்பா ஆறுமுகம் பிள்ளைக்குப் பலசரக்குக் கடை. பெயரைச் சொன்னதும் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். காப்பி வரவழைத்தார். ரெண்டு வருஷமாக மகனுக்கு ஒரு பிண்டம் வைக்க முடியவில்லை, அவன் எங்கே அலைகிறானோ என்று சொன்னார். "அவ சம்மதிக்காம நான் எப்படி மக்களே செய்வேன்? நீரு சொன்னாக் கேப்பா. இப்பவும் சித்திரக் கூடத்துலதான் இருக்கா, வாரும்" என்றார். போகிற வழியில் பூக்கடையில் ஒரு பிச்சிப்பூ மாலை வாங்கி இலையில் கட்டிக்கொண்டார்.

சித்திரக் கூடம் என்றவுடன் பெரிய கட்டடத்தைத் தேடாதீர்கள். கிழக்கே கோட்டையிலிருந்து சாலைக்குள் நுழைந்து அரை பர்லாங் வந்தால் இடது கைப் பக்கம் ஒரு முடுக்குச் சந்து. அதில் பழைய அரிசிக் கிடங்கின் மாடி. பென்ஷன் வாங்கிய டிராயிங் மாஸ்டர் ஒருவர் அதை வாடகைக்குப் பிடித்து நடத்துகிறார். நவராத்திரிக்குப் பொம்மை, வெள்ளிக்கிழமை பஜனை, ரேஷன் கார்டு கொடுப்பது, பெண்களுக்குத் தையல் என்று தெருவின் சகல காரியமும் அங்கேதான். மாஸ்டர் இத்தனை வருஷமாக வரைந்த தெருக்காரர்கள் படங்களை இப்போது கண்காட்சியாக வைத்திருக்கிறார். சுமை தூக்குகிறவர், தையற்காரர், பட்டாணி வறுக்கிற கிழவி எல்லாரும் எண்ணெய் வர்ணத்தில் நம்மைப் பார்க்கிறார்கள். காலை பத்து முதல் மாலை ஆறரை வரை. காசு கிடையாது.

படத்தில் இருப்பவர்களில் சிலர் காலமாகிவிட்டார்கள். திறந்த அன்றே அந்தந்த வீட்டுக்காரர்கள் மாலையும் சந்தனமுமாக வந்துவிட்டார்களாம். "மாலை போடலாம், கொள்ளாம், ஆனா எம் படத்திலே சந்தனம் பூசப்பிடாது" என்று மாஸ்டர் கத்தியிருக்கிறார். சட்டத்துக்கு மேலே ஆணி அடித்துக் கொடுத்தார். அதனால் உள்ளே நுழைந்ததுமே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

தெற்குச் சுவரில் தாணு. கப்பல் ஏறுவதற்கு முன் வரைந்தது. அந்தக் கோணல் வகிடு, இப்போதுதான் ஏதோ கேலி பேசிவிட்டு வாயை மூடியது மாதிரி அந்த உதடு. நான் கடைசியாகப் பார்த்த முகம் வேறு. படத்துக்கு மேலே ஆணி இல்லை, மாலையும் இல்லை. கீழே ஒரு முக்காலியில் அவன் அம்மா பகவதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கண்காட்சி திறந்த முதல் நாள் அவள் தங்கை ஒரு மாலையோடு வந்ததிலிருந்து, கதவு திறந்து பூட்டுகிற வரைக்கும் அங்கேயே காவல் இருக்கிறாளாம்.

"சங்கரன்தானே? இரி மக்களே" என்றாள். ரங்கூனில் யார் சமைத்தார்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்தானா, மீன் கிடைத்ததா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு, "இனி சொல்லு" என்றாள்.

சொன்னேன். பர்மா எல்லையில் தாமு என்கிற ஊரைத் தாண்டி ஓர் ஓடைக்கரை, அங்கே ஒரு மரத்தடி, ஒரு பகலும் ஓர் இரவும். கரமனைப் பாலத்தையும் சொன்னேன். ஆறுமுகம் பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"வெள்ளம் கேட்டானா?"

"கேட்டான் அம்மா. கேட்டப்பல்லாம் தண்ணி குடுத்தேன்."

"ஒனக்கும் பிடிச்சிருக்குமே மக்களே அந்த ரோகம்?"

"பயந்துட்டேதான் குடுத்தேன்."

"ஆரு மண்ணு போட்டது?"

"நானும் கூட வந்த ஒரு தெலுங்குக் கூலியும். கையாலதான் தோண்டினோம்."

என் கைகளை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கரமனை வரைக்கும் கொண்டு வந்துட்டே. அது போரும்" என்றாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன், வெட்கப்படவில்லை. படம் பார்க்க வந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனார்கள்.

ஆறுமுகம் பிள்ளை இலையைப் பிரித்து மாலையை எடுத்தார். மாஸ்டர் சுத்தியலும் ஆணியுமாக வந்து நின்றார்.

"வேண்டாம்" என்றாள் பகவதியம்மாள்.

"இன்னுமா நம்பல்லே நீ?" என்றார் ஆறுமுகம் பிள்ளை.

"நம்பிட்டேன். நாளைக்கே திருவல்லத்துக்குப் போயி பலி போடுங்கோ, நான் தடுக்கல்லே. எம் பிள்ளை பசியோட அலைய வேண்டாம். ஆனா இந்த மாலையைப் போடப்பிடாது."

"அப்ப படத்தை வீட்டுக்குக் கொண்டுபோவோம்."

"வீட்டுச் சுவத்திலே ஏத்தினா மாலை போடாமத் தீருமா? வாறவளெல்லாம் பூவோட வருவா. இங்கன்னா பாதிப் பேரு மாலை இல்லாமத்தானே நிக்கான்? அந்தக் கூட்டத்திலே இவனும் நிக்கட்டும்." மாஸ்டரைப் பார்த்தாள். "இது இங்கேயே இருந்துக்கிடட்டுமா மாஸ்டரே?"

வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாப் படத்தையும் இறக்குவதாக மாஸ்டர் வாசலில் போர்டு வைத்திருந்தார். "இருக்கட்டும் அம்மா. அந்தச் சுவரு எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை மேஜைக்கு அடியில் தள்ளினார்.

மறுநாள் காலை நானும் ஆறுமுகம் பிள்ளையும் ஜட்காவில் திருவல்லம் போனோம். கோட்டையிலிருந்து நாலு மைலுக்குச் சற்றுக் குறைவு, போக வர பதினாலு சக்கரம். மகன் அப்பாவுக்கு வைக்க வேண்டிய பிண்டத்தை அப்பா மகனுக்கு வைத்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, ஆற்றுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஓட்டல்களில் அரிசிச் சோறு அரிது, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீனும் கிடைக்கும், பசித்தவனுக்கு அது தாராளம். சாலையில் தங்க ஒரு நாளைக்கு எட்டுச் சக்கரத்துக்கு அறை உண்டு, மூட்டைப்பூச்சி இலவசம். சித்திரக் கூடத்துக்கு அவசியம் போங்கள், ஆனால் பூ வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கண்காட்சி முடிந்து பொம்மையோ தையலோ நடந்தாலும் தெற்குச் சுவரில் ஒரு படம் இருக்கும். பக்கத்தில் ஓர் அம்மாள் இருப்பாள். "எம் மகனாக்கும், ரங்கூன்ல இருக்கான்" என்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "அப்படியா அம்மா, சௌக்கியமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள்.