‘அவ்ளோதானா’ என்று கேட்டுவிட்டேன்

நான் இப்போது குடியிருக்கும் பின்லாந்தின் தம்பரே நகரத்தில் காய்கறி வாங்குவதற்கு வாய் தேவையே இல்லை. தக்காளியை நாமே பொறுக்க வேண்டும், நாமே தராசில் வைக்க வேண்டும், தக்காளித் தட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துவந்து நாமே அமுக்க வேண்டும். தராசு ஒரு விலைச்சீட்டைத் துப்பும். அதைப் பையில் ஒட்டுவதும் நம் வேலைதான். வந்த புதிதில் அந்தத் தராசுக்கு முன்னால் நின்று நான் திருதிருவென்று விழித்திருக்கிறேன். எண் தெரியாமல் அல்ல. வாங்குகிறவளும் நான், நிறுக்கிறவளும் நான் என்றால் சண்டையை யாரோடு போடுவது? எடையில் ஏமாற்ற ஆளே இல்லாத கடையில், ஏமாறாமல் வாங்கிவிட்டோம் என்கிற சந்தோஷத்துக்கும் வழியில்லை. வாயைப் பூட்டிக்கொண்டு போய், வாயைப் பூட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டில் இருந்தபடி இதைப் படிக்கிறவர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், முதல் ஆறு மாதம் எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்காதவர் உங்களில் யாராவது உண்டா? “பெருக்காதே. பெருக்கினா சாப்பிட முடியாது” என்பது என் வீட்டுக்காரர் எனக்குச் செய்த முதல் உபதேசம். அவர் ஒரு வருடம் முன்னதாகவே வந்து, பெருக்கிப் பெருக்கி இளைத்துப் போயிருந்தவர். இங்கே கொத்தமல்லியைச் சின்னத் தொட்டியில் மண்ணோடு விற்கிறார்கள். முதல் முறை வாங்கியபோது, வளர்க்கத்தான் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று ஜன்னலோரம் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். நாலாம் நாள் அது செத்துப்போனது. அந்த விலைக்குத் திருநின்றவூரில் ஒரு வாரத்துக் காய் வாங்கலாம். கொத்தமல்லி சும்மாவே வரும்.

சும்மா வருவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநின்றவூரில் ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குக் காய் என்றால், ஸ்டேஷனுக்கு வெளியே தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சரோஜாக்காவிடம்தான். வாங்கும் முறையை நான் அம்மா பக்கத்தில் நின்றே பழகினேன். முதலில் விலையைக் கேட்டதும் முகத்தைச் சுளிக்க வேண்டும். அப்புறம் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க வேண்டும். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். பேரம், வசவு, சமாதானம் எல்லாம் முடிந்து காசைக் கொடுத்த பிறகும் பையின் வாயை மூடிவிடக் கூடாது. இரண்டு கையாலும் பையைத் திறந்து பிடித்தபடி, எங்கேயோ ரயில் வருகிறதா என்று பார்ப்பதைப் போல வேறு பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் ஒரு கொத்து கறிவேப்பிலையோ ஒரு பிடி கொத்தமல்லியோ பைக்குள் விழும். அதுதான் கொசுறு. வாய்விட்டுக் கேட்டால் மரியாதை இல்லை. விழாவிட்டாலோ அதைவிட அவமானம்.

இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு தம்பரேயில் நான் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு ஜனவரி மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அந்த சூப்பர் மார்க்கெட்டில் அதிசயமாக வெண்டைக்காய் வந்திருந்தது. கை தானாகப் போயிற்று. ஒன்றை எடுத்து நுனியை ஒடித்தேன், வளைந்தது. அடுத்தது, அதுவும் வளைந்தது. கோபம் வந்துவிட்டது எனக்கு. இந்த விலைக்கு முற்றலா? ஒவ்வொன்றாக எடுப்பதும் ஒடிப்பதும் போடுவதுமாக இருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது, நிமிர்ந்து பார்த்தால் கடைக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாள். திட்டப் போகிறாள் என்று நான் பதிலுக்குத் தயாரானேன். அவளோ மிக மெதுவாக, ஆஸ்பத்திரியில் பேசுவதைப் போல, “ஓன்கோ காய்க்கி ஹூவின்?” என்றாள். எல்லாம் நலம்தானா என்று அர்த்தம். காய் நலமில்லை என்று சொல்ல எனக்குப் பின்னிஷ் மொழி போதாது. “இல்லை, நலமில்லை. எல்லாம் வளைகிறது” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் அப்படி ஓர் இரக்கம். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, கூப்பிட்டனுப்ப வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தாள். மானம் போயிற்று. அடுத்த முறை போனபோது வெண்டைக்காயை எல்லாம் தட்டில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி வைத்திருந்தார்கள். என்னால்தான் என்று நான் சொல்கிறேன், தற்செயல் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். எப்படியோ, அதற்கப்புறம் காய்கறிப் பக்கம் போனாலே கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு கண்ணால் மட்டும் பார்க்கப் பழகிவிட்டேன்.

போன வருடம் லீவில் ஊருக்குப் போனேன். அப்பா இறந்த பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறாள். மறுநாள் காலையிலேயே இரண்டு பேருமாக ஸ்டேஷன் பக்கம் போனோம். சரோஜாக்காவுக்கு என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். “இன்னாம்மா ரேவதி, நல்லா கீறியா? பாரின் போயி கலரா ஆய்ட்டியே!” என்றார். அம்மாவுக்கு ஒரே பெருமை. வெண்டைக்காய் பிஞ்சுபிஞ்சாகக் குவிந்து கிடந்தது. என்ன விலை என்றேன். “கால் கிலோ பதினஞ்சு.”

“அவ்ளோதானா?”

சொன்னது என் வாய்தான். சத்தியமாக நான் நினைத்துச் சொல்லவில்லை. தம்பரேயில் இரண்டே இரண்டு வெண்டைக்காய்க்குக் கொடுக்கிற காசு என்று மனசுக்குள் வகுத்தல் ஓடியது, வகுத்தலின் விடை வாய்வழியாக வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் கீரை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். சரோஜாக்காவின் சிரிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. “வேற இன்னா வேணும் மேடம்?” என்றார். மேடம்! ரேவதி, பாப்பா, கண்ணு என்று கூப்பிட்ட வாய் அது. நான் அவசர அவசரமாக எல்லாவற்றிலும் அரைக் கிலோ வாங்கினேன், சொன்ன விலையைக் கொடுத்தேன், பழக்கதோஷத்தில் பையைத் திறந்து பிடித்தபடி ரயில்வே பாலத்தைப் பார்த்தேன். ஆவடிப் பக்கம் போகிற ரயில் ஒன்று வந்து நின்று கிளம்பியும் போனது. பைக்குள் ஒன்றும் விழவில்லை.

வழியெல்லாம் அம்மா எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். மறுநாள் அவள் மட்டும் தனியாகப் போய்விட்டு வந்தாள். பையைத் தரையில் வைத்த சத்தத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. “கால் கிலோ இருபதாம். நேத்து பதினஞ்சு சொன்னியேன்னு கேட்டா, ‘உம் பொண்ணே அவ்ளோதானான்னு கேட்டுச்சே, நான்தான் இத்தினி நாளா ஏமாந்துகினு கீறேன் போல’ன்னு சொல்றா. கறிவேப்பிலை? ஒரு இணுக்கு கிடையாது. ‘அஞ்சு ரூவாக்கு குடுக்கட்டா அம்மா’ன்னு கேக்குறாடி! என்கிட்ட!”

“அஞ்சு ரூபாதானேம்மா. இல்லேன்னா வேற கடையில வாங்கேன். நான் வேணும்னா மாசாமாசம் கூட அனுப்பறேன்” என்றேன் நான், மறுபடியும் அறிவில்லாமல்.

“உன் காசு யாருக்குடி வேணும்? நீ இன்னும் பத்து நாள்ல பிளேன் ஏறிடுவ. நான் இங்கதான் வெண்டைக்காய் வாங்கணும். முட்டிவலி வந்து நான் படுத்துட்டா ஆட்டோல காய் ஏத்தி அனுப்புறவ அவ. ரெண்டு நாள் சேந்தாப்ல நான் அந்தப் பக்கம் வரலைன்னா, கடையை யாரையாவது பாத்துக்கச் சொல்லிட்டு வந்து கதவைத் தட்டிப் பாக்குறவ அவ. நீ போன் பண்ணுவ, நான் நல்லாருக்கேன்னு சொல்வேன், நீ வச்சிடுவ. எத்தனை வருசம் அவகூட மல்லுக்கட்டிச் சேத்து வச்ச உறவு தெரியுமா அது? ஒரே வார்த்தையில என்னை வசதிக்காரி ஆக்கிட்டு உக்காந்திருக்க.”

எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று கதவைத் தட்டிப் பார்க்கிற ஒரே ஆளை நான் வெறும் கடைக்காரி ஆக்கிவிட்டேன். “நீ கெடுத்ததை நீயே போய்ச் சரி பண்ணு” என்று அம்மா கடைசியாகத் தீர்ப்பு சொன்னாள்.

அடுத்த நாள் காலை போனேன். அம்மா எனக்குத் துணையாக வந்தாள் என்று சொல்ல முடியாது. பத்தடி தள்ளிப் பூக்காரியிடம் முழம் விலை கேட்கிற பாவனையில், என்னைத் தெரியாதவளைப் போல நின்றுகொண்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அக்கா, விலை கொஞ்சம் குறைக்க முடியுமா, ப்ளீஸ்?” என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. “ப்ளீஸா?” என்று சரோஜாக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கு இன்னா மேடம் விலை? குடுக்கறத குடுங்கோ.” சொல்லிக்கொண்டே கைக்கு வந்த வெண்டைக்காயை அள்ளித் தராசில் போட்டார். நேற்றைய மிச்சம். பச்சை மங்கி, விறைப்பாகக் கிடந்தது. கோட்டுப் பை இல்லாததாலோ என்னவோ, என் கை தராசுக்குப் போய் ஒன்றை எடுத்து நுனியை மடக்கியது. வளைந்தது. இன்னொன்று. அதுவும் வளைந்தது. அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

“இன்னாக்கா இது? முருங்கக்கா மாரி கீது! இத்த எவன் துன்னுவான்? யார் தலைல கட்டப் பாக்குற? கால் கிலோ இருபதுன்னு வாய் கூசாம சொல்லிக்கினு, மாட்டுக்கு போடறத எனக்கு போடுறியா? நான் இன்னா ஏரோப்ளேன்ல பொறந்தவளா? குவார்ட்டர்ஸ்ல பொறந்தவ! பதினஞ்சுக்கு ஒரு பைசா மேல தர மாட்டேன், அதுவும் பிஞ்சா பொறுக்கிக் குடுத்தாத்தான்!”

சத்தம் டிக்கெட் கவுன்ட்டர் வரை போயிருக்கும். எனக்கு மூச்சு வாங்கியது. சரோஜாக்கா எழுந்து நின்றே விட்டார். “காலங்காத்தால வந்துட்டா பாரு, சாவுகிராக்கி! வாங்குறது கால் கிலோ, வாயி மட்டும் நாலு கிலோ கீது! ஒடிச்ச காய்க்கெல்லாம் உங்கொப்பனா வந்து துட்டு குடுப்பாரு?” என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன். சாவுகிராக்கி என்று ஒருத்தர் திட்டி எனக்குக் கண் கலங்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மேடம் செத்துப்போய்விட்டாள், நான் திரும்பி வந்துவிட்டேன்.

தராசில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் பிஞ்சாகப் பொறுக்கி நிறுத்தார். பதினைந்தைக் கொடுத்தேன். பையைத் திறந்து பிடித்துக்கொண்டு பாலத்தைப் பார்த்தேன். ஒரு கொத்து விழுந்தது, அதன் மேல் இன்னொரு கொத்து. “உங்கம்மா வாயி அப்டியே கீது உனுக்கு. இன்னொரு தபா அவ்ளோதானான்னு கேட்டுக்கினு வந்த, தராசாலயே போடுவேன். அந்தா நிக்குது பாரு ஒண்ணும் தெரியாத மாரி, உங்கம்மாவ இட்டுக்கினு போ.”

திரும்பும்போது அம்மா பையை எட்டிப் பார்த்துக் கறிவேப்பிலையை முகர்ந்தாள். சின்ன வயதில் ‘கீது’ என்று பேசினால் வாயில் மிளகாய் வைப்பேன் என்று மிரட்டி வளர்த்தவள் அவள். “பரவால்லடி, நல்லாத்தான் பேசுற” என்று மட்டும் சொன்னாள்.

நான் தம்பரே திரும்பிப் பல மாதங்கள் ஆகின்றன. இப்போதெல்லாம் போனில் அம்மா நல்லாருக்கேன் என்று சொன்னால் நான் விடுவதில்லை, சரோஜாக்கா இன்றைக்கு என்ன திட்டினார் என்று கேட்கிறேன். அவள் விலாவாரியாகச் சொல்கிறாள். போன வாரம் கொசுறில் இரண்டு பச்சைமிளகாயும் சேர்ந்து விழுந்ததாம்.

நேற்று இங்கே வெண்டைக்காய் வந்திருந்தது, பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டு. ஒரு தட்டு எடுத்துக்கொண்டேன். கல்லாவில் விலையைச் சொன்னபோது, “அநியாயமா கீதே” என்று தமிழில் சொன்னேன். கல்லாவில் இருந்த பெண் “கீத்தோஸ்” என்று நன்றி சொன்னாள். காசைக் கட்டினேன், காயைப் பைக்குள் வைத்தேன். வைத்த பிறகு, என்னை அறியாமல், இரண்டு கையாலும் பையைத் திறந்து பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் இருந்த கிழவர் தன் கூடையோடு காத்திருந்தார். அந்தப் பெண் என் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள்.

இல்லை, நன்றி என்றேன். ஆனாலும் பையை உடனே மூட மனம் வரவில்லை.