ஏகாம்பரம் டெஸ்ட்

ஏகாம்பரம் சார் இறந்துவிட்டார். காலையில் அவருடைய மகள் போன் செய்து சொன்னார். தூக்கத்திலேயே...

இந்த குரூப்பில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. திருவொற்றியூரில் லாரி, பஸ்ஸுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டெவலப்மென்ட் இன்ஜினியராக இருந்தவர். அதே கம்பெனியின் டெஸ்ட் லேபில் நான் ஒன்பது வருஷம் டெக்னீஷியன்.

வியாசர்பாடிக்காரர். அவர் பேரில் நாலு பேட்டன்ட் இருக்கிறது. நாலுமே ரப்பரும் இரும்பும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வது பற்றியவை.

முக்கியமானது என்ஜின் மவுண்ட். என்ஜினுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவில் உட்காரும் ரப்பர் கட்டை. என்ஜினின் உதறலை அது வாங்கிக்கொள்ளும். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்தால் கதை முடிந்தது.

புது மவுண்ட் மாட்டிய லாரி என்றால் டிரைவர் பக்கத்தில் ஏறிக் கடலோர ரோட்டில் எண்ணூர் துறைமுகம் வரை போய்விடுவார். கன்டெய்னர் வரிசையில் வண்டி மணிக்கணக்கில் நிற்கும். இவர் டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்து நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுவார்.

லேபில் மெட்ராஸ் பாஷை. மீட்டிங்கில் இங்கிலீஷ். இரண்டையும் கலக்க மாட்டார்.

எனக்கும் அவருக்கும் பெரிய நெருக்கம் எல்லாம் இல்லை. யாருக்காவது பிறந்தநாள் கேக் வெட்டினால்கூட வர மாட்டார். அவர் எங்களிடம் பேசியது முக்கால்வாசி ரப்பரைப் பற்றித்தான்.

இனி சொல்லப்போவது அந்த லேபில் இருந்தவர்களுக்கே தெரியாது. இப்போது சொல்வதால் யாருக்கும் வேலை போகாது என்பதால் சொல்கிறேன்.

அவருடைய முதல் பேட்டன்ட் கிடைத்த நேரம். சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டியிருந்தார்கள். அந்த மவுண்ட்டுக்கு ஒரு பெரிய பஸ் ஆர்டர் வரப்போகிறது. கடைசி டெஸ்ட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

சில பீஸ்களை உப்புத் தண்ணீர்ப் பெட்டியில் பத்து நாள் வைத்து, துரு பிடிக்கிறதா என்று பார்ப்போம். வேறு புது பீஸ்களை ஆட்டும் மெஷினில் போட்டு, பிய்கிறதா என்று பார்ப்போம். இரண்டும் தனித்தனி. ஸ்டாண்டர்டும் அப்படித்தான்.

நான் ட்ரேயை மாற்றி எடுத்துவிட்டேன். உப்பில் கிடந்த பீஸ்களை ஆட்டும் மெஷினில் போட்டுவிட்டேன்.

மூன்றாவது நாள் பார்த்தால், ஆறில் நாலு பீஸில் ரப்பர் ஓரமாகக் கழன்று நிற்கிறது. கையால் இழுத்தாலே வருகிறது.

தூக்கிப் போட்டுவிட்டு சரியான ட்ரேயை எடுத்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது... ஒரு மணி நேரம் யோசித்தேன். பிறகு போய்ச் சொன்னேன்.

"இன்னாமா, லேபிள் பாக்க மாட்டியா?" என்றார். எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு எல்லோர் முன்னாலும், என் மேஜையில் இருந்த வாட்டர் பாத்தில் தொடங்கி ரெஜிஸ்டர் வரை எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்தார். அன்று ரயிலில் ராயபுரம் வரை அழுதுகொண்டே போனேன்.

மறுநாள் வந்து பார்த்தால் உப்புப் பெட்டியில் வேறு ஆறு பீஸ். அவரே வைத்திருந்தார். பத்து நாள் கழித்து அவரே எடுத்து ஆட்டும் மெஷினில் மாட்டினார்.

இந்த முறை ஐந்து கழன்றது.

அடுத்த நாளே பிளான்ட் ஹெட்டின் அறையில் மீட்டிங். ரிப்போர்ட்டோடு என்னையும் வரச் சொன்னார்கள். உப்பு பீஸை ஆட்டும் மெஷினில் போட்டது யார், அந்த ஆளை முதலில் வேலையை விட்டு அனுப்புங்கள் என்றார் பிளான்ட் ஹெட்.

"நான்தான் போடச் சொன்னேன், சார்" என்றார் ஏகாம்பரம் சார்.

அப்படி ஒரு டெஸ்ட் எந்த ஸ்டாண்டர்டில் இருக்கிறது என்று கேட்டார் பிளான்ட் ஹெட்.

"ஸ்டாண்டர்ட்ல இல்ல சார். எண்ணூர் ரோட்ல கீது."

மீட்டிங்கில் அவர் அந்தப் பாஷை பேசி அன்றுதான் கேட்டேன்.

கஸ்டமருக்கு அவரே கடிதம் எழுதினார், தன் பேட்டன்ட் மவுண்ட் கடலோரத்தில் தாங்காது என்று. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. அந்த வருஷம் அவருக்கு வர வேண்டிய ப்ரமோஷன் ஜூனியர் ஒருவருக்குப் போனது. ரிசப்ஷனில் ஃபிரேம் மட்டும் அப்படியே இருந்தது.

கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆனது. உப்பிலும் விடாத ஒட்டு முறையைக் கண்டுபிடித்தார். அதுதான் இரண்டாவது பேட்டன்ட். அந்த மவுண்ட் நன்றாக ஓடியது.

உப்பில் வைத்து ஆட்டுவதும் கம்பெனியின் கட்டாய டெஸ்ட் ஆனது. அதற்கு லேபில் எல்லோரும் வைத்த பேர், ஏகாம்பரம் டெஸ்ட். தினமும் ரெஜிஸ்டரில் அந்தப் பேரை எழுதியது நான்.

ஒருநாள் கேன்டீனில் கேட்டே விட்டேன். "சார், அது நான் தப்பா ட்ரே எடுத்ததால வந்த டெஸ்ட்தானே?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஆமாம்மா. இப்போ போய் உன் பேரச் சொன்னா, அன்னிக்கி நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். அப்பாலிக்கா அந்த ரிப்போர்ட்ட எவனும் நம்ப மாட்டான்."

நியாயம்தான். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது... அவர் போன நாளில் இதை மறைத்து எழுத மனசு வரவில்லை.

பிறகு நான் அம்பத்தூர் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன். கடைசியாகப் பார்த்தது போன வருஷம், திருவொற்றியூர் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில். இளைத்திருந்தார். இப்போது என்ன ரப்பர் பார்க்கிறாய், எத்தனை டிகிரி சூட்டில் பார்க்கிறாய் என்று விசாரித்தார். ட்ரெயின் வரும் வரை அதையே பேசினோம்.

மாலை நாலு மணிக்கு வியாசர்பாடி வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். பழைய லேப் ஆட்கள் யாராவது வந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.

போய் வாங்க, சார்.

— ஸ்டெல்லா