ஆளெடுக்கும் நாளில் அம்மா வந்தார்

அரசாங்க வேலை என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கிற மவுசு வேறு எதற்கும் இல்லை. கலியாண வீட்டிலும் அதைத்தான் கேட்பார்கள், செத்த வீட்டிலும் அதைத்தான் கேட்பார்கள். "தம்பி இப்ப என்ன செய்யிறாரு?" என்று கேட்டால், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறேன் என்பேன். எப்போது எழுதியது என்று கேட்காமல் விட்டவர்கள் நல்லவர்கள். கேட்டவர்களை நான் இன்றும் மறக்கவில்லை.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். விதைப்புக்கும் அறுவடைக்கும் அப்பாவோடு வட்டையில், அதாவது ஊரை ஒட்டிய வயல்வெளியில் நிற்பேன். மற்ற மாதங்களில் போனும் கையுமாக நிற்பேன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் கட்டாருக்குப் போய்விட்டார்கள். நாட்டின் பொருளாதாரம் படுத்த பிறகு மிச்சப் பேரும் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நின்றார்கள். எனக்கு அந்த வெயிலில் போய் மாரடிக்க விருப்பமில்லை. சோம்பேறி என்று அப்பா சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை.

அந்த நேரத்தில்தான் இராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி நல்ல தமிழில் அறிவித்துக்கொண்டு போனார்கள். தமிழ் இளைஞர்களும் வரலாம், சிங்களம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நிரந்தர வேலை, ஓய்வூதியம். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் நின்று நானும் என் நண்பனும் கேட்டோம். அவன் எங்கள் ஒழுங்கைக்காரன், ஒரே சந்தில்தான் வீடு, சின்ன வயதிலிருந்து என்னோடு திரிகிறவன். "போவமாடா?" என்றான். பகிடிக்குத்தான் கேட்டான். நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

வறுமையால் போக நினைத்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்கள் இரக்கப்படுவார்கள். அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று நேரமும் சோறு இருந்தது. எனக்கு ஆமிக்காரர் காலில் போடும் அந்தச் சப்பாத்துப் பிடித்திருந்தது. சோதனைச் சாவடியில் மறித்தவுடன் சைக்கிளை விட்டு இறங்குகிறவனாக இல்லாமல், இறங்கு என்று கை காட்டுகிறவனாக நிற்க ஆசையாக இருந்தது. என் வயதுக்காரர்களை அப்படி யாரும் அடிக்கடி மறித்ததுகூட இல்லை. ஆனாலும் ஆசை இருந்தது. மானம் கெட்ட ஆசை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், அம்மாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார். அவருடைய படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதற்கு மாலை இல்லை, பொட்டு இல்லை, விளக்கு இல்லை. மாமா செத்துவிட்டார் என்று யாரும் சொல்லாததால் அதெல்லாம் வைக்க அம்மா விடவில்லை. அம்மா பள்ளிக்கூடம் போகிற காலத்தில், இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில், ஊர்ப் பையன்களைச் சேட்டை, அதாவது மேல்சட்டையைக் கழற்றச் சொல்லி நிலத்தில் வரிசையாக இருத்தினார்களாம். சிலரை வாகனத்தில் ஏற்றினார்களாம், மாமாவையும். ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் போய் முகாம் வாசலில் நாள்கணக்கில் இருந்தார்கள். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று பதில் வந்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அம்மா இதை ஒரு நாளும் கோவையாகச் சொன்னதில்லை.

அதனால் நானும் அம்மாவுக்குச் சொல்லவில்லை. டவுணில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பு இருக்கிறது, விசாரித்துவிட்டு வருகிறேன் என்றேன். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல சேட்டப் போட்டுட்டுப் போ மனே" என்று, மடித்து வைத்திருந்த சேட்டை எடுத்து அயன் பண்ணித் தந்தார். மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகிற படகுப்பாதையில் நாங்கள் இரண்டு பேரும் ஆற்றைக் கடந்து போனோம்.

முகாம் அக்கரையில், பெரிய வீதியோடு ஒட்டி இருந்தது. வாசலில் போன்களை வாங்கி நிறுத்தி வைத்தார்கள். முதலில் ஓடவிட்டார்கள். வரம்பில் ஓடிப் பழகிய எங்களுக்கு அது ஒரு வேலையே இல்லை. பிறகு நெஞ்சளவு எடுக்க வேண்டும், சேட்டைக் கழற்றிவிட்டு வரிசையில் இருங்கள் என்றார்கள். வீதியோரக் கம்பி வேலிக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் இருந்தோம். குடிக்கப் பால் விடாத பிளேண்டி தந்தார்கள். "இப்பவே நெஞ்சத் தூக்கிட்டு இருக்கான் பாரு, பெரிய கேணல்" என்று நண்பன் என்னைச் சீண்டினான். எல்லாரும் சிரித்தோம். அந்தக் காலை நேரம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் ஒழுங்கை மீன்காரர் அந்த வீதியால் மோட்டார் சைக்கிளில் போனதை நான் காணவில்லை. அவர் என்னைக் கண்டார். சேட்டில்லாமல், வரிசையாக, நிலத்தில், கம்பி வேலிக்கு உள்ளே. அவர் நிற்கவில்லை, கூப்பிடவில்லை, என்ன ஏது என்று கேட்கவில்லை. அப்படிக் கண்டால் நிற்கக் கூடாது, நேரே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அவருடைய வயதுக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரியும். மிச்ச மீனையும் விற்காமல் எங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்.

"உன்ட மகன ஆமி புடிச்சி வெச்சிருக்கு கா. சேட்டக் கழட்டி வரிசையில இருத்தியிருக்கானுகள்."

அம்மா எனக்குப் போன் எடுத்தார். போன் நிறுத்தியிருந்தது. அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இனி என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு மறந்தும் போயிருக்கவில்லை. முதல் காரியமாக, வட்டையில் நின்ற அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்: வீதிக்கு வரவேண்டாம், வாடிக்குள்ளேயே இருங்கள். ஆம்பிளைகள் போனால் அவர்களையும் பிடிப்பார்கள். நரைத்த தலையோடு என் அப்பா, மறுபேச்சில்லாமல், வயல் காவலுக்குக் கட்டிய குடிசையான அந்த வாடிக்குள் போய் இருந்துகொண்டார். அடுத்தது, தனியே போகக் கூடாது. அம்மா ஒழுங்கையில் வீடு வீடாகக் கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். நண்பனின் அம்மாவும் வந்தார். குடை, தண்ணீர்ப் போத்தல், வெற்றிலைப் பை, இருக்க ஒரு பாய். பிள்ளையை விடும்வரை வாசலை விட்டு எழும்பாத ஆயத்தத்தோடு வந்தார்கள்.

வாசலில் சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் நீலச் சேலை தெரிந்தது. காவலுக்கு நின்றவன் என்னைவிடச் சின்னப் பையன், திருதிரு என்று முழித்துக்கொண்டு நின்றான். அம்மா கை இரண்டையும் கூப்பி அவனிடம் சிங்களத்தில் பேசினார். அம்மாவுக்குச் சிங்களம் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"மாத்தயா, மகே அய்யா அஹிங்சகய். கிசி வறதக் நே, மாத்தயா."

என் அண்ணன் அப்பாவி, ஒரு குற்றமும் செய்யவில்லை என்று அர்த்தம். அய்யா என்றால் அண்ணன். மகனுக்குச் சிங்களத்தில் வேறு சொல் இருக்கிறது. அம்மா அதைத் தேடவில்லை. பள்ளிக்கூட வயதில் ஒரு முகாம் வாசலில் பாடமாக்கிய வசனம் அது. அப்படியே முழுதாக வந்தது.

வரிசையில் இருந்த வேறு ஊர்ப் பையன்கள் சிரித்தார்கள். ஒரு படைவீரர் எங்களிடம் வந்து, "யார்ட அம்மா அது?" என்று தமிழில் கேட்டார். நண்பன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். எனக்கு அம்மா மேல் பத்திக்கொண்டு வந்தது. ஊர்ச் சனத்தையும் கூட்டிக்கொண்டு, பாயையும் தூக்கிக்கொண்டு, இந்தக் காலத்தில் யாராவது இப்படி வருவார்களா? எனக்கு முன்னால் இன்னும் கொஞ்சப் பேர்தான் இருந்தார்கள். கொஞ்சம் பொறுத்தால் என் அளவும் எடுத்து முடிந்துவிடும். அவர் மறுபடியும் கேட்டார். நான் தலை நிமிரவில்லை.

கடைசியில் நண்பன்தான் எழும்பினான். "சேர், என்ட அம்மாவும் அதுல நிக்கிறா. முன்னுக்கு நிக்கிறது இவன்ட அம்மா."

எங்களை வாசலுக்குக் கூட்டிப் போனார்கள். அதிகாரி ஒருவரும் வந்தார். இளம் வயது, மரியாதையான ஆள். "அம்மா, பயம் வேணாம். நாங்க பிடிச்சது இல்ல. இவங்களே வந்தது" என்றார். அம்மா அவருடைய பேச்சைக் காதில் வாங்கவில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகைப் பார்த்தார். கையால் தடவிப் பார்த்தார். அத்தனை பேருக்கு முன்னால், வளர்ந்த ஆம்பிளை, காயம் இருக்கிறதா என்று தாய் தடவிப் பார்க்க நின்றேன்.

"அடிச்சானுகளா மனே?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் சேட்டக் கழட்டினவன்கள்?"

"நெஞ்சு அளக்க."

"எதுக்கு நெஞ்சு அளக்கிற?"

நான் அதிகாரியைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க தம்பி" என்றார் அவர்.

"நானாத்தான் வந்தன் அம்மா. ஆமியில சேர."

நண்பனின் அம்மா குடையால் அவனுடைய தலையில் ஒரு போடு போட்டார். மற்றப் பெண்கள் ஆளுக்காள் பார்த்துக்கொண்டார்கள். அம்மா என் முதுகிலிருந்து கையை எடுத்தார். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லது. அவர் அதிகாரியின் பக்கம் திரும்பி, "மன்னிச்சிக்கங்க மாத்தயா, நாங்கதான் பிழையா விளங்கி வந்திட்டம்" என்றார். அதைக் கேட்டு நான் கூனிக் குறுகிப் போனேன். மன்னிப்புக் கேட்கும்படி அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது நான்.

அதிகாரிக்கும் முகம் சரியில்லை. நாற்காலி போடச் சொன்னார், தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். வெயிலில் வந்த களைப்புக்கு மற்றப் பெண்கள் குடித்தார்கள். அம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் உள்ளே என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனேன். அம்மா வாசலில் நிற்க, நான் உள்ளே போய் மூச்சை இழுத்து நெஞ்சளவு கொடுத்தேன். சரி, வருகிற திங்கட்கிழமை உடுப்போடு வாருங்கள் என்றார்கள்.

ஒரே படகுப்பாதையில்தான் எல்லாரும் திரும்பினோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பா இன்னும் வாடிக்குள் இருக்கிறார் என்ற நினைவு வந்தது. நான்தான் போனேன். என்னைக் கண்டதும் அப்பா குனிந்து வெளியே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். "உட்டுட்டானுகளா?" என்றார்.

"ஓம்" என்றேன். பிறகு அவருக்கு யாரோ உண்மையைச் சொல்லியிருப்பார்கள். அவர் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

திங்கட்கிழமைவரை அம்மா வழமைபோலச் சமைத்தார், வழமைபோலச் சாப்பிடக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பார்த்தால், என் களிசான்கள், துவாய், சாரன் எல்லாம் தோய்த்து மடித்து ஒரு பைக்குள் வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.

"போறதெண்டாப் போ மனே. நான் மறிக்கல்ல. உன்ட வயசில உனக்கும் ஒரு உத்தியோகம் வேணுந்தானே. எனக்கு ஒண்டு மட்டும் சொல்லிட்டுப் போ."

"என்னம்மா?"

"நீ கேற்றில நிக்கக்குள்ள ஒரு பொம்புள வந்து அவட புள்ளயக் கேட்டா, உள்ளுக்க இருக்கிற புள்ளய இல்லையெண்டு சொல்லமாட்டன் எண்டு சொல்லு."

பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஓம் என்று சொன்னால் முடிந்தது. கொம்பியூட்டர் வகுப்பு என்று கூசாமல் பொய் சொன்ன வாய்தான் இது. ஆனால் வாய் எழவில்லை. ஒரு தாய் வாசலில் வந்து பிள்ளையைக் கேட்டார். யாருடைய அம்மா என்று இரண்டு தரம் கேட்டார்கள். என் தலைக்கு யாரும் துவக்குப் பிடிக்கவில்லை, யாரும் கட்டளை போடவில்லை. நானாகவே இல்லாத ஆளாகிக் குந்தியிருந்தேன். இதைவிடப் பெரிய இடத்தில், பெரியவர்கள் இல்லையென்று சொல்லச் சொல்லி நின்றால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் வாசலில் நின்று வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். பெற்ற பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? பிறகு, "சரி, யோசி" என்று எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் நண்பன் வந்து ஹோர்ன் அடித்தான். நான் வரவில்லை என்றேன். அவன் போனான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை, லீவில் வரும்போது தாய்க்குச் சாமான்கள் வாங்கி வருகிறான், நாங்கள் இப்போதும் ஒன்றாகத்தான் திரிகிறோம்.

ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. தாய்மாமனை நினைத்து, வந்த அரசாங்க வேலையையே வேண்டாம் என்று விட்ட பிள்ளை, ரோசக்காரன் என்கிறார்கள். கலியாண வீடுகளில் என்னை வைத்துக்கொண்டே சொல்வார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அம்மா மட்டும் அந்தப் பேச்சுத் தொடங்கினால் எழும்பி அடுக்களைப் பக்கம் போய்விடுவார்.