வெட்டாமல் விட்ட மூன்று துளை

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் கார் சீட் கவர் மாட்டிக் கொடுப்பவர் பீர் மைதீன். அவர் பின்சீட்டைக் கழற்றினால் ஒரு கிளிப் கூட உடையாது என்று பெயர். மற்ற கடைகளில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவார்கள். இவர் சீட்டின் முன்விளிம்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவுவார். கிளிப் தட்டுப்பட்டதும் அதற்கு நேராகப் பிடித்து மேலே ஒரே தூக்கு. 'டக்'கென்று விட்டுவிடும். பிறகு மறுபக்கம். நடுவில் பிடித்து இழுத்தால்தான் உடையும் என்பார்.

திரும்ப மாட்டும்போது அவர் செய்வது வெளியே யாருக்கும் தெரியாது. பெல்ட்டைச் செருகும் லாக்குகள் மூன்றும் மேலே வர வேண்டுமானால் கவரில் அளவு பார்த்துத் துளை வெட்டி ஓரம் தைக்க வேண்டும். முக்கால் மணி நேரம் பிடிக்கும். பீர் மைதீன் லாக்குகளைச் சீட்டுக்கு அடியில் படுக்கவைத்து மூடிவிடுவார். கவரும் சுருக்கமில்லாமல் நிற்கும். பின்னால் உட்காருகிறவர்கள் யார் பெல்ட் போடுகிறார்கள்? பதினோரு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

மம்சாபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் சிவபாண்டியின் காருக்கு மாசியில் கவர் போட்டுக் கொடுத்தார். வைகாசியில் அதே கார் திரும்பி வந்தது.

"பின்சீட்டுல ரத்தக்கறை பாய். கழட்டிக் கழுவிக் குடுங்க" என்றார் சிவபாண்டி. கிருஷ்ணன்கோவில் பக்கம் மாடு குறுக்கே பாய்ந்திருக்கிறது. பிரேக் போட்டதில் பின்னால் இருந்த அவர் மனைவி நாகஜோதி முன்சீட்டில் மோதிவிட்டார். தோள் எலும்பு முறிந்து, முன்பல் இரண்டு போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்.

சிவபாண்டி போன பிறகு பீர் மைதீன் சீட்டைத் தூக்கினார். வைத்தது வைத்தபடி மூன்று லாக்கும் கிடந்தன. ஒன்றின் மேல் கொஞ்சம் மணல். அதை விரலால் துடைத்துவிட்டு, தூக்கிய சீட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் மனைவி மெகராஜ் பேகத்திடம் சொன்னார். கடைக் கவர்களை எல்லாம் தைத்துக் கொடுப்பது மெகராஜ்தான்.

"அந்தம்மா பெல்ட்டு போடுற ஆளா இருக்காதுங்க. லாக்கு மேல இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டாவ" என்றார் மெகராஜ் பேகம்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினார். நாலாம் நாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். பெல்ட் போடும் பழக்கம் இல்லை என்று நாகஜோதியின் வாயால் கேட்டுவிட்டால் போதும், திரும்பிவிடலாம்.

தோளில் கட்டோடு சாய்ந்திருந்த நாகஜோதி, உதட்டு வீக்கத்தால் மெதுவாகத்தான் பேசினார். "எதுக்கு பாய் இம்புட்டு தூரம் வந்திய?"

"பாத்துட்டுப் போலாம்னுதாம்மா. பெல்ட்டு கிட்டுன்னு போடுற வழக்கம் உண்டா?"

"அன்னைக்குத்தான் போடணும்னு நெனச்சேன். கோயம்புத்தூர்ல இருக்க மக போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னா. இழுத்துப் பிடிச்சுட்டு எங்க மாட்டணும்னு தடவுதேன், தடவுதேன், ஒண்ணும் அம்புடல. இவிய கிட்ட கேட்டா, ஒரு பெல்ட்டு மாட்டத் தெரியலையா பட்டிக்காடுன்னு ஏசுனாவ. கிருஷ்ணன்கோவில் வரைக்கும் கையிலயே பிடிச்சுட்டுதான் இருந்தேன். எனக்குத்தான் கூறு இல்ல பாய்."

பக்கத்து ஸ்டூலில் இருந்த சிவபாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீர் மைதீன் ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்தார். "ஒங்களுக்குத் தெரியாம இல்லம்மா. லாக்கு மேல இல்ல. நான்தான் சீட்டுக்கு அடியில வச்சு மூடுனேன்."

சிவபாண்டி திரும்பினார். "தெரிஞ்சா செஞ்சிய?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"துளை வெட்டச் சோம்பல்."

"எந்திரிச்சுப் போயிருங்க பாய்" என்றார் சிவபாண்டி. குரல் உயரவில்லை.

நாகஜோதி அழுதார். அழுதுகொண்டே புருஷனைப் பார்த்து, "கேட்டியளா, அங்க லாக்கே இல்லயாம்" என்றார். பீர் மைதீனைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் போனது.

காரை எடுக்க சிவபாண்டி வரவில்லை, ஆள் அனுப்பினார். துளை வெட்டி, லாக்குகளை மேலே எடுத்துவிட்டிருந்தார் பீர் மைதீன். வந்த ஆள் நீட்டிய கூலியை வாங்கவில்லை.

அதற்குப் பிறகு செல்போனில் நம்பர் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார். "வண்டியக் கொண்டு வாங்க, ஒரு சின்ன வேலை பாக்கி" என்றார். பாதிப் பேர் வந்தார்கள். சமுத்திரம் என்ற டிராவல்ஸ்காரர், "லாக்கு மேல வந்தா உக்காரும்போது குத்தும் பாய், உள்ளயே தள்ளிருங்க" என்றார். மாட்டேன் என்றதும் வேறு கடைக்குப் போய்விட்டார்.

நம்பர் இல்லாத வண்டிகள்தான் பாடாய்ப்படுத்தின. ஒருநாள் பஞ்சு மார்க்கெட் அருகே நெரிசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. பின்சீட்டில் மெகராஜ் பேகம் தைத்த அரக்குக் கவர், அதில் இரண்டு பிள்ளைகள் முட்டிபோட்டு வெளியே வேடிக்கை பார்த்தன. ஓட்டியவரை அவருக்கு நினைவில்லை. பைக்கை ஓரம் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன வேணும்?" என்று கேட்டார் அந்த ஆள், கண்ணாடியைப் பாதி இறக்கி.

"ஒங்க பின்சீட்ட செத்த நேரம் கழட்டணும்" என்றார் பீர் மைதீன்.