காரணம்: அம்மா வந்திருக்காங்க

1. உடைந்த கப்

நான் லேப் டெக்னீஷியன் கோர்ஸ் படித்தவள் இல்லை. விருத்தாசலத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கோடு ஒட்டியிருந்த சின்ன லேபில் டோக்கன் கொடுக்கப் போனவள். டோக்கன் மேஜையிலிருந்து ரத்தம் எடுக்கிற மேஜைக்கு நகர இரண்டு வருஷம் ஆனது. அங்கிருந்து மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார இன்னும் மூன்று வருஷம். கண்ணால் பார்த்து, திட்டு வாங்கி, கற்றுக்கொண்டதுதான் எல்லாம். வேலையோடு வேலையாக இன்னொரு பழக்கமும் வந்தது. ஊசி குத்தும்போது ஜனங்கள் வலி மறக்க ஏதாவது பேசுவார்கள். அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு தாத்தா தன் சர்க்கரை வியாதியை "நம்ம சம்பந்தி" என்றுதான் சொல்வார். கேட்டால், "வூட்டுக்கு வந்துட்டா வெளிய போவச் சொல்ல முடியுமா?" என்பார்.

இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முன்னால் செல்வி வந்தாள். செராமிக் யூனிட்டில் பினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பாத்திரத்தின் ஓரத்தை ஸ்பாஞ்சால் வழித்து வழவழப்பாக்குகிற வேலை அது. பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. முகம் வெளுத்து, கால் வீங்கி, இரண்டு நாளாகச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவதாகச் சொன்னாள்.

ஸ்லைடைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பணு வட்டமாக இருக்க வேண்டும். இங்கே பாதி, கால், முக்கோணம் என்று சிதறிக் கிடந்தது. எங்கள் ஊர் யூனிட்டுகளின் பின்பக்கம் போனால் உடைந்த கப்புகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அப்படி இருந்தது. பிளேட்லெட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கிட்னி வடிகட்டாமல் விட்ட கழிவைக் காட்டுகிற கிரியேட்டினின் எகிறியிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உடனே பாண்டிச்சேரியில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

ரத்தமும் கிட்னியும் சேர்ந்து கெடுகிற அபூர்வமான வியாதி. கிருமியை அடிக்க உடம்பு வைத்திருக்கிற காவல்காரன் பிரேக் இல்லாமல் சொந்த ரத்தக் குழாயையே அடிக்கிறான். குழாயின் உள்பக்கம் புண்ணாகிறது. அதில் உரசி சிவப்பணு உடைகிறது. கிட்னியின் சல்லடை அடைத்துக்கொள்கிறது. இது அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் அப்படியே செல்விக்குச் சொன்னேன்.

2. டெஸ்ட் பீஸு

இரண்டு மாதம் பிளாஸ்மா ஏற்றிப் பார்த்தார்கள். வாரம் மூன்று டயாலிசிஸ். பெரிதாகத் தேறவில்லை. அந்தச் சமயத்தில்தான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைச் சோதிக்கிற ஆராய்ச்சி தொடங்கியது. அந்தக் காவல்காரனைப் பிடித்து நிறுத்துகிற மருந்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். ஊரிலேயே இருந்து ரத்த சாம்பிள் எடுக்க, போன் பண்ண, ஃபாரம் நிரப்ப ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னை வைத்துக்கொண்டார்கள்.

ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டப் பக்கம் பக்கமாக ஒரு மணி நேரம் ஆனது. செல்வி கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"புரிஞ்சிதுக்கா. எங்க யூனிட்ல புது கிளேஸு வந்தா மொதல்ல ஒரு பீஸுல தடவி சுட்டுப் பாப்பாங்க. அந்த டெஸ்ட் பீஸு நானு."

பெரிய டாக்டர்தான் பதில் சொன்னார். "ஆமாம்மா, அதேதான். ஆனா டெஸ்ட் பீஸு சூளைய விட்டு எழுந்து வர முடியாது. நீ எந்த நாளும் வேணாம்னு எழுந்து போவலாம். போனாலும் வைத்தியம் நிக்காது."

செல்வியின் புருஷன் ரவி, சூளைப் பக்கம் வேலை பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவளுக்கு ஒன்னுக்கு ஒழுங்கா போவுமாங்க?" அந்த வீட்டில் எல்லாரும் காத்திருந்தது அதற்குத்தான். சிறுநீர் வந்தால் கிட்னி பிழைத்தது, கிட்னி பிழைத்தால் செல்வி வீட்டில் குழந்தையோடு இருப்பாள், இல்லாவிட்டால் காலம் முழுக்க மிஷின். டாக்டர், "பாக்கத்தான் போறோம்" என்றார். பொய் நம்பிக்கை கொடுக்கவில்லை.

மருந்தைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை சொன்னார்கள். காவல்காரனைக் கட்டிப்போடுவதால், மூளை உறையைத் தாக்குகிற ஒரு கிருமி சுலபமாக உள்ளே வரும். தடுப்பூசி போட்டாலும் முழுக் காப்பு இல்லை. காய்ச்சல், தலைவலி, கழுத்துப் பிடிப்பு, தோலில் சிவப்புப் புள்ளி இவற்றில் எது வந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. எனக்குத் தனியாக ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார்கள். புள்ளியின் மேல் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்து. மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டால் ஓடு.

மருந்து ஏற ஏற ஸ்லைடில் உடைசல் குறைந்தது. பிளேட்லெட் ஏறியது. டயாலிசிஸ் வாரம் இரண்டானது. சிறுநீர் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை.

3. போனில் கேட்டது

ஊசிக்கு முதல் நாள் காலையில் போன் பண்ணுவது என் வேலை. அன்றைக்கு ரவிதான் எடுத்தார்.

"நாளைக்கு வர முடியாதுங்க்கா. வூட்டுல அம்மா வந்திருக்காங்க. அவங்க போனப்பறம் கூட்டிக்கிட்டு வரேன்."

செல்வியின் அம்மா கொளஞ்சியம்மா கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கிறவர். மகளைப் பார்க்க அடிக்கடி வருவார். ஒருமுறை அவர் வந்ததற்காகவே இவர்கள் ஒரு நாள் தள்ளி வந்திருக்கிறார்கள். எனக்குக் கோபம். ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பட்டியலில் இருந்த கேள்விகளைக் கடகடவென்று கேட்டேன். காய்ச்சல் இருக்கா? "அதெல்லாம் ஒன்னும் இல்லீங்க்கா" என்றார். இல்லை என்று டிக் அடித்தேன். வராததற்குக் காரணம் என்ற கட்டத்தில் இங்கிலீஷில், தாயார் வருகை என்று எழுதினேன்.

மதியம் சாம்பிள் டப்பாவைப் பாண்டிச்சேரி பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒப்படைக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டவுன் பஸ்ஸிலிருந்து கையில் ஒரு கட்டு வேப்பிலையோடு கொளஞ்சியம்மா இறங்கினார்.

"என்னம்மா, அதுக்குள்ள திரும்பிப் போயிட்டு வரீங்களா?" என்றேன்.

"நான் எங்க போனேன்? இப்பத்தான ஊர்லேருந்து வரேன்."

"காலையிலியே நீங்க வந்துட்டதா மாப்ள சொன்னாரே."

கொளஞ்சியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேப்பிலைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நான் இல்லம்மா. ஆத்தா. புள்ள ஒடம்புல முத்துப் போட்டிருக்குதாம்."

பிறந்தது முதல் இந்த மண்ணில் இருக்கிறவள் நான். அம்மை போட்டால் அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் வீட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கையில் ஃபாரம் இருந்தது. பேனா காதுக்கு முன்னால் ஓடிவிட்டது. ரவியும் பொய் சொல்லவில்லை. ஆத்தா வந்த வீட்டில் அதைக் காய்ச்சல் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். வந்தவளை வியாதி என்று சொல்வது மரியாதை இல்லை. நான் கேட்ட கேள்விக்கு அவர் ஒழுங்காகத்தான் பதில் சொன்னார். கேட்டவள்தான் சரியில்லை.

டப்பாவைக் கண்டக்டர் கையில் திணித்துவிட்டு, கொளஞ்சியம்மாவை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

4. கண்ணாடி டம்ளர்

வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. செல்வியின் மாமியார் அஞ்சலையம்மா குறுக்கே நின்றார். அந்தத் தெருவில் யாருக்கு அம்மை போட்டாலும் கவனித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்தான்.

"நில்லும்மா அங்கியே. ஊர் ரெத்தத்தையெல்லாம் தொட்டுட்டு நேரா உள்ள வருவியா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. மஞ்சள் தண்ணீரில் கை கால் கழுவச் சொன்னார். கழுவினேன். சோப்பும் கேட்டு வாங்கித் தேய்த்தேன். அதைப் பார்த்ததும் வழி விட்டார்.

செல்வி வேப்பிலை பரப்பிய பாயில் கண்ணை மூடிக் கிடந்தாள். உடம்பு கொதித்தது.

"யக்கா, வெளிச்சம் கூசுது. கழுத்தத் திருப்ப முடியல." பின்னால் நின்ற கொளஞ்சியம்மாவின் குரல் கேட்டதும் உதட்டோரம் சிரித்தாள். "எங்கம்மா வந்தா இந்தப் பாடு படுத்த மாட்டாங்களே."

கையிலும் காலிலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள். கண்ணாடி டம்ளர் ஒன்று கேட்டேன். செராமிக் தொழிலாளி வீடு. அலமாரி நிறைய கப்பும் கிண்ணமும் இருந்தன. ஓரம் நெளிந்ததென்று யூனிட்டில் கழித்துவிட்ட சரக்கு. ஒன்றும் ஊடுருவித் தெரியாது. மற்றவை எவர்சில்வர். ரவி அங்குமிங்கும் தேடினார். அஞ்சலையம்மா போய், சாமி படத்துக்கு முன்னால் தண்ணீர் வைத்திருந்த கண்ணாடி டம்ளரை எடுத்து, தண்ணீரைச் செடியில் ஊற்றிவிட்டு என் கையில் கொடுத்தார்.

வைத்து அழுத்தினேன். சுற்றியிருந்த தோல் வெளுத்தது. புள்ளி அப்படியே நின்றது. இன்னொன்றில் அழுத்தினேன். அதுவும் அப்படியே.

நான் என்னென்னவோ விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அஞ்சலையம்மா கை காட்டி நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு புள்ளியின் மேல் விரலை ஓட்டினார்.

"எத்தினி பேருக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன். முத்துன்னா நீர் கோத்து மேல எழும்பி நிக்கும். இது தோலோட தோலா கெடக்குது. காலையில இருட்டுல பாத்தேன், தெரியல." நிமிர்ந்து மகனைப் பார்த்தார். "டேய், இது ஆத்தா இல்ல. ஆட்டோவ வாசல் வரைக்கும் கொண்டாரச் சொல்லு."

ஆட்டோ புறப்படும்போது ஒரு கொத்து வேப்பிலையைச் செல்வியின் மடியில் வைத்தார். "ஆத்தா இல்லன்னா என்ன, தொணைக்கு வரட்டும்" என்றார்.

5. ஒற்றைக் கோடு

போகிற வழியிலேயே பெரிய டாக்டருக்குப் போன் போட்டேன். டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதே, ஆன்டிபயாட்டிக் முதல் டோஸை அங்கேயே போடச் சொல் என்றார். எங்கள் கிளினிக்கில் போட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏற்றினோம். அவர்கள் பயந்த அதே கிருமிதான் ரத்தத்தில் வளர்ந்தது. மூன்றாம் நாள் செல்வி கஞ்சி கேட்டாள். புது மருந்தை நிறுத்தினால் ரத்தம் மறுபடி உடையும், கொடுத்தால் கிருமிக்குக் கதவு திறக்கும் என்ற தர்மசங்கடத்தில் டாக்டர்கள் கூடிப் பேசி, ஆன்டிபயாட்டிக் துணையோடு சில நாள் தள்ளி அடுத்த டோஸை ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன்னால் செல்வியிடம் மறுபடி கேட்டார்கள், தொடரலாமா, எழுந்து போகிறாயா என்று. "இவ்ளோ தூரம் வந்தாச்சு, போடுங்க" என்றாள்.

தாயார் வருகை என்று எழுதிய ஃபாரத்தை எடுத்துக்கொண்டு நான் பெரிய டாக்டரிடம் போனேன். எழுதியதை மறைக்க ஒயிட்னர் பாட்டிலும் கையில் இருந்தது.

"அத உள்ள வை. ஒரே ஒரு கோடு போட்டு அடி. பக்கத்துல சரியானத எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடு. அடிச்சதுக்குக் கீழ என்ன இருந்துச்சுன்னு யாரு வேணாலும் படிக்கணும்."

"எல்லாரும் சிரிப்பாங்க சார்."

"சிரிச்சா ஞாபகம் வச்சுக்குவாங்கம்மா."

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். நோயாளி சொன்ன வார்த்தையை அவர்கள் சொன்னபடியே தமிழில் முதலில் எழுதுவது, நான் புரிந்துகொண்டதை அதற்குக் கீழே இங்கிலீஷில் எழுதுவது. ஃபாரம் சரிபார்க்கச் சென்னையிலிருந்து வருகிற தம்பி முகம் சுளித்தார். "மேடம், இது டேட்டா இல்ல, கதை" என்றார். பெரிய டாக்டர் ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அன்னிக்குக் கதைய விட்டுட்டு டேட்டாவ மட்டும் எழுதினோம் தம்பி. அந்தப் பொண்ணு பொழச்சது தப்பிப் பொழச்சது" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கேள்வியைக் கேட்டவுடனே டிக் அடிக்காதீர்கள். அந்த வீட்டில் அந்த நோவுக்கு என்ன பேர் என்று முதலில் கேளுங்கள். மருந்தைச் சோதிக்கிற இடத்தில் நம் காதையும் சேர்த்துத்தான் சோதிக்கிறார்கள்.

சில மாதம் கழித்து ஓர் ஊசி நாள். சாம்பிள் டப்பாவோடு நான் முன்னாலேயே ஒரு பஸ்ஸில் பாண்டிச்சேரி போய்விட்டேன். செல்வி தனியாக வருவதாகச் சொல்லியிருந்தாள். டயாலிசிஸ் அப்போது வாரம் ஒன்றாக, வியாழக்கிழமை மட்டும் இருந்தது. ஒன்றரை மணி நேரம் தாமதமாக, வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள். ஏன் லேட் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"நெய்வேலி தாண்டுனதும் ஒன்னுக்கு வந்துட்டுதுக்கா. நிறுத்துங்கன்னேன். கண்டக்டரு திட்டிக்கிட்டே நிறுத்துனாரு. வடலூரு தாண்டுனா மறுபடியும். அவரு, ஏம்மா வூட்டுலியே போயிட்டு வரமாட்டியான்னு கத்துறாரு. நான் போயிட்டுத்தான் வந்தேன், அப்பறமும் வருதுங்கன்னு சொன்னா, பஸ்ஸே சிரிக்குது. எனக்கு அழுவாச்சி வந்துட்டுது. மூணாவது தடவ அவரு நிறுத்தல. எறங்கி அடுத்த பஸ்ஸு புடிச்சு வரேன்."

கட்டத்துக்குள் அடங்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.

பெரிய டாக்டர் முன்பக்கம் படித்து, திருப்பிப் பின்பக்கமும் படித்தார். அன்றைய கிரியேட்டினின் ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அளவு நன்றாக இறங்கியிருந்தது. பிறகு போனை எடுத்து டயாலிசிஸ் யூனிட்டைக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை லிஸ்ட்ல செல்வின்னு ஒரு பேர் இருக்கும். அத எடுத்துடுங்க."